மெஷினா, மிக்ஸியா, கிரைண்டரா: வீட்டில் சோயா பாலும் டோஃபுவும்

பெரியவளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் சோயா பால் நுழைந்தது. முதலில் கடையில் விற்கும் அட்டைப் பெட்டிதான். எங்கள் பக்கத்துக் கடைகளில் சாக்லேட், பாதாம் என்று சர்க்கரை போட்ட வகைகளாகவே இருந்தன. சும்மா ஒரு வெறும் பால் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சரி, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று ஆரம்பித்து, இந்த நாலு வருடத்தில் மூன்று வழியிலும் செய்து பார்த்துவிட்டேன். சோயா பால் மெஷின், மிக்ஸி, கிரைண்டர்.

எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: உங்களுக்குக் குடிக்கப் பால் வேண்டுமா, டோஃபு, அதாவது சோயா பாலைத் திரிய வைத்துச் செய்யும் சோயா பனீர் வேண்டுமா? இரண்டும் ஒரே பயறிலிருந்துதானே வருகிறது, ஒரே கருவி இரண்டுக்கும் போதாதா என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன். குடிக்கிற பாலுக்கு எது நல்லதோ, அதுவே டோஃபுவுக்குக் குறையாகிவிடுகிறது.

மெஷினை முதலில் பார்ப்போம். பார்க்க ஒரு பெரிய மின்சாரக் கெட்டில் மாதிரி இருக்கும். ஸ்டீல் ஜாடி, மூடியோடு சேர்ந்த மோட்டார், அதிலிருந்து கீழே தொங்கும் பிளேடு. ஊறிய பயறைப் போட்டு, உள்ளே கோடு போட்டிருக்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போகலாம். 20 நிமிடத்தில் கொதித்த பால் தயார். இந்தக் கருவி பிறந்த இடம் சீனா. அங்கே காலையில் எண்ணெயில் பொரித்த நீள ரொட்டியோடு சூடான சோயா பால் குடிப்பது, நமக்கு இட்லியும் காபியும் போல. 1994-இல் வாங் ஷூனிங் என்பவர் தானாக அரைத்துத் தானாகக் கொதிக்கவைக்கும் கருவியைச் செய்தார். ஜோயங் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆக, இது காலையில் குடிக்கிற பாலுக்காகவே யோசித்த சாமான். டோஃபு அதன் கணக்கிலேயே கிடையாது.

பாலைப் பொறுத்தவரை மெஷினுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். காரணம் வாடை. சோயா பயறுக்குள் லிப்பாக்சிஜினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. பயறு முழுதாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். உடைந்து, தண்ணீரும் காற்றும் பட்டதும் பயறிலுள்ள கொழுப்பின் மேல் பாய்ந்து, நாம் முகம் சுளிக்கும் அந்தப் பச்சை வாடையைக் கிளப்பிவிடும். தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது அரைத்தால் நொதி தலையெடுக்கும் முன்பே செத்துப்போகும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1960-களில் கண்டுபிடித்த வழி இது. நல்ல மெஷின்கள் முதலில் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு, அப்புறம்தான் பிளேடைச் சுற்றுகின்றன. என் மகள் முதல் தடவை மெஷின் பாலைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தாள். அதுவே பெரிய பாராட்டு.

கரண்ட் பற்றிப் பயப்பட வேண்டாம். 800 வாட் ஹீட்டர் 20 நிமிடமும் விடாமல் ஓடினாலே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும். நடுநடுவே அது நின்று நின்றுதான் ஓடும்.

தொல்லை வேறு இடத்தில். ஒரு தடவைக்கு ஒன்றேகால் லிட்டர், அவ்வளவுதான். கெட்டியாக வரட்டும் என்று பயறைக் கூட்டிப் போட்டால் அடிப்பிடிக்கும். முதல் வருடம் அப்படித்தான் ஒரு நாள் இரண்டு பங்கு போட்டேன். பால் முழுக்கத் தீய்ந்த வாடை, அடியில் கறுப்பாக ஒரு தட்டு. ஹீட்டர் பக்கம் தண்ணீரில் முக்கவும் முடியாது, கம்பி நாரால் தேய்க்கவும் மனசு வராது. பால் ஊற்றிய கையோடு கழுவிவிட வேண்டும். பத்து நிமிடம் தள்ளிப் போட்டால் அரை மணி நேர வேலை. நுரை மேலே ஏறி ஒரு சின்னக் கம்பியைத் தொட்டால் ஹீட்டர் தானாக நின்று, அடங்கியதும் மறுபடி ஓடும். இந்த ஒன்று மிக்ஸிக்காரர்களுக்குக் கிடைக்காத வரம்.

இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வருகிற மச்சினரிடம் அங்கே விலை மலிவு என்று சொல்லி அனுப்பாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. செருகிய கணமே கதை முடிந்துவிடும்.

மிக்ஸிக்கு வருவோம். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், அதுவே பாதி வெற்றி. பயறை எட்டு மணி நேரம் ஊறவைக்கிறோம். சித்திரை வெயிலில் ஆறு மணி நேரமே போதும், அதற்கு மேல் விட்டால் புளித்து நுரைக்கும். இரவு முழுக்க ஊறவேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தோலைத் தேய்த்துக் களைந்தால் பின்னால் நுரை குறையும். தேங்காய்ப் பால் எடுக்கிற மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, துணியில் வடிகட்டிப் பிழிய வேண்டும். கடையில் இதற்கென்று விற்கும் பையைவிட நாலு முழ வேட்டியில் கிழித்த துண்டு மேல் என்பது என் கட்சி. எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும்.

அப்புறம் கொதிக்கவைப்பது. பசும்பால் என்று நினைத்து நிறைய பேர் ஏமாறுகிற இடம் இதுதான். சோயா பால் 80 டிகிரி வாக்கிலேயே நுரைத்துப் பொங்கி மேலே வரும். பார்க்கக் கொதி மாதிரியே இருக்கும், ஆனால் கொதி அல்ல. அங்கே அடுப்பை அணைத்தால் பயறிலுள்ள, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அப்படியே தங்கிவிடும். வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் வரும். நுரையைக் கரண்டியால் அடக்கி, தீயைக் குறைத்து, உண்மையான கொதி வந்த பிறகும் ஒரு பத்து நிமிடம் விடாமல் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். கொஞ்சம் கண்ணை எடுத்தால் அடுப்பு மேடையெல்லாம் பால்தான். மெஷின் இருபது நிமிடம் நம்மைச் சும்மா விடுகிறது. மிக்ஸி வழியில் அதே இருபது நிமிடமும் நாம் அடுப்படியில் காவல்.

வாடைக்கு மிக்ஸியில் வழி இல்லையா என்றால், இரண்டு இருக்கின்றன. ஒன்று, கொதிக்கிற தண்ணீர் விட்டு அரைப்பது. நான் செய்தேன். ஆவி அடைபட்டு மூடி பறந்தது. சுவர், காலண்டர், என் கை, எல்லாம் சோயா. கை நாலு நாள் எரிந்தது. கண்ணாடி மூடியோ ரப்பர் மூடியோ, நம் மிக்ஸி ஜாரில் இதைச் செய்யவே வேண்டாம். இரண்டாவது, ஊறிய முழுப் பயறை அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்ட கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, கழுவி, ஆறிய பிறகு அரைப்பது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் முறையும் இதே வழிதான். வாடை பெருமளவு போய்விடும், பால் அருமையாக இருக்கும்.

ஆனால் அந்தப் பாலில் டோஃபு போட்டுப் பாருங்கள். பாதிகூடத் தேறாது. அரைப்பதற்கு முன்பே சூடு பட்டால் புரதம் பயறுக்குள்ளேயே இறுகிக்கொள்கிறது. தண்ணீரில் இறங்காமல் சக்கையோடு போய்விடுகிறது. டோஃபு என்பது பாலில் இறங்கிய புரதம்தான், வேறென்ன? அதனால் டோஃபுவுக்குப் பச்சையாக, குளிர்ந்த தண்ணீரில் அரைப்பதே சரி. கொதிக்கவைக்கும்போது வாடை ஓரளவு அடங்கும். மீதியை மிளகும் இஞ்சியும் பார்த்துக்கொள்ளும். இந்தூரிலுள்ள சோயாபீன் ஆராய்ச்சி நிறுவனம் வாடை தரும் நொதிகளில் ஒன்று இல்லாத என்.ஆர்.சி. 142 ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் நம் மளிகைக் கடையில் ரகம் பார்த்தா பயறு தருகிறார்கள்?

கிரைண்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாமியார்தான் சொன்னார், "அதான் கல்லு இருக்கேம்மா, எதுக்கு மிக்ஸியைப் போட்டுப் படுத்தற?" என்று. வெண்ணெய் மாதிரி அரைந்தது, பாலும் நன்றாக இறங்கியது. ஆனால் இருபது நிமிடம் திறந்த வாயில் காற்றோடு சுற்றினால் வாடை வராமல் என்ன செய்யும்? தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் விளிம்பில் தெறிக்கிறது. கல்லைக் கழுவி முடித்து, மறுநாள் அரைத்த இட்லி மாவிலும் லேசாக சோயா மணத்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள், அதில் ஒருவர் மாமியாரேதான். ஒரு கிலோ பயறு போட்டு மொத்தமாக டோஃபு செய்கிறவர்களுக்கு மட்டும் கிரைண்டர்.

இப்போது சூடாக்கும் கண்ணாடி ஜார் வைத்த பிளெண்டர்களும் வந்திருக்கின்றன. சக்கையே தெரியாத அளவுக்கு அரைத்துவிடும், வடிகட்டவே வேண்டாம் என்பதுதான் அவற்றின் பெருமை. குடிக்கச் சரி. டோஃபுவுக்கு அந்தப் பெருமையே வினை: பொடிச் சக்கை துணி வழியாகப் பாலில் இறங்கி, டோஃபுவை மணல் மாதிரி உதிர வைக்கும்.

மெஷின் பாலில் டோஃபு வராதா என்றால், வரும். 100 கிராம் பயறில் ஒன்றேகால் லிட்டர் எடுத்த நீர்த்த பாலைத் திரிய வைத்தால் உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டி கிடைக்கும். ஒரு குடும்பத்துக்குக் கறி வைக்க மூன்று தடவை ஓட்ட வேண்டும், மூன்று தடவை கழுவ வேண்டும். மிக்ஸியில் 250 கிராம் பயறை ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரில் அரைத்தால் ஒரே மூச்சில் 350, 400 கிராம் டோஃபு. ஞாயிற்றுக்கிழமை வேலை இது.

திரிய வைக்கும் பொருளில்தான் மீதி சூட்சுமம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் வீட்டில் இருக்கும், ஆனால் டோஃபு பொலபொலவென்று வரும், லேசாகப் புளிக்கும். பொரியலுக்கு உதிர்த்துப் போட அதுவே போதும். துண்டு போட்டு வறுக்க வேண்டுமென்றால் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். மேலே சொன்ன அளவுப் பாலுக்கு ஒன்றரை டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. ஜப்பானியர்கள் கடல்நீரிலிருந்து எடுக்கும் நிகாரியில் மெக்னீசியம் குளோரைடு. அதில் டோஃபுவுக்கு ஒரு மெல்லிய இனிப்பு வரும், நம் ஊரில் தேடித்தான் வாங்க வேண்டும். சீனர்கள் ஜிப்சத்தில் செய்வது மிருதுவாக, வழவழவென்று இருக்கும், கால்சியமும் சேரும். ஒரு எச்சரிக்கை: எப்சம் உப்பு உரக்கடையிலும் கிடைக்கிறது, ஜிப்சம் கட்டடச் சாமான் கடையிலும் கிடைக்கிறது. இரண்டையும் அங்கே வாங்காதீர்கள். உணவுக்கு உகந்தது என்று எழுதிய பாக்கெட்தான் வேண்டும்.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, 75, 80 டிகிரிக்கு இறங்கியதும் கரைசலை மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒரே கொட்டாகக் கொட்டினால் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கஞ்சி. ஊற்றிய பிறகு கிளறவே கூடாது. மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வெள்ளைக் கட்டிகளுக்கு நடுவில் வெளிர் மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்திருக்கும். தண்ணீர் இன்னும் பால் நிறமாகவே இருந்தால் இன்னும் கொஞ்சம் உப்புக் கரைசல். ஓட்டைக் கூடையில் துணி விரித்து வடித்து, மேலே ஒரு தட்டு, அதன் மேல் அம்மிக் குழவி. அரை மணி நேரம். இதற்கென்று விற்கும் மரப்பெட்டி அழகாக இருக்கிறது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் இருக்கிறது, இரண்டும் ஓடுகிறது. வாரத்தில் நாலு காலை மெஷின், ஞாயிறு மிக்ஸி. முதலில் ஒன்றுதான் வாங்க முடியும், தினம் பால் குடிக்கிற பிள்ளையும் இருக்கிறது என்றால் மெஷின். மாதம் இரண்டு தடவை சோயா பனீர் ஆசை வருகிறவர்கள் இருக்கிற மிக்ஸியோடு நின்றுகொள்ளலாம், துணிக்கு மட்டும் ஒரு வேட்டியைத் தியாகம் செய்துவிட்டு.

சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். மெஷின் சக்கை ஏற்கனவே வெந்தது, நேராகச் சப்பாத்தி மாவில் பிசையலாம். மிக்ஸி சக்கை பச்சை. அடை மாவிலோ வடையிலோ போட்டு நன்றாக வேகவிட வேண்டும், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நம் ஊர் வெயிலில் மாலைக்குள் நாறிவிடும். அடைக்கு மிக்ஸி சக்கைதான் மொறுமொறுப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டில் வேறு பலகாரமே கிடையாது.