அம்பாசடருக்குப் பிளாட்டினமா, எலக்ட்ரானிக்கா? டிஸ்ட்ரிபியூட்டர் பற்றிய ஓர் ஒப்பீடு

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் அம்பாசடர்களில் பல, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே ஷெட்டை விட்டு வெளியே வருபவை. என்னிடம் உள்ள 1489 சிசி வண்டியும் அந்த ரகம்தான். அதன் டிஸ்ட்ரிபியூட்டரில் (ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் முறைப்படி ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) ஷாஃப்ட் ஆட்டம் கண்டபோது எனக்கு மூன்று வழிகள் இருந்தன: ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றி, திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் காண்டாக்ட் பாயின்ட்டான பிளாட்டினத்திலேயே தொடர்வது, அதே பாடிக்குள் பிளாட்டினத்துக்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்துவது, அல்லது முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் புதிதாக வாங்கிப் போடுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை குறைவு, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், வழியில் நின்றாலும் ஏதாவது செய்து வீடு வந்து சேரலாம் என்ற பிளாட்டினத்தின் பெருமைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு ஒன்றுதான். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பிளாட்டினம் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் ஷாஃப்ட்டிலுள்ள மேடுகளான கேமில் உரசும் பிளாட்டினத்தின் ஹீல் தேயத் தேய, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய கேப் (திறந்த நிலையில் இரு முகங்களுக்கும் உள்ள இடைவெளி) குறைகிறது. கேப் குறையும்போது டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) சிறிது சிறிதாகப் பின்தங்கி, ஏற்றத்தில் வண்டி இழுவையை இழக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் என்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே ஒரு டிகிரி பிசகினால் கிராங்க் ஷாஃப்ட் கணக்கில் அது இரண்டு டிகிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஓடிய பிளாட்டினத்தின் ஒரு முகத்தில் சிறு முள்ளும் எதிர்முகத்தில் குழியும் விழுந்திருக்கும். கேப்பை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் அந்த முள்ளின் மேல் உட்கார்ந்துகொள்வதால், கேஜ் சரியாக நுழைந்தாலும் உண்மையான கேப் அதைவிட அதிகமாகவே இருக்கும். முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு அளக்கும் பொறுமையுள்ள கைகள் இப்போது அருகிவிட்டன.

தினமும் ஓடும் வண்டிக்காவது இது பழகிப்போகும். ஆடி மாதம் முழுக்க ஷெட்டில் நிற்கும் வண்டியில் பிளாட்டினத்தின் முகத்தில் மெல்லிய படலம் படிந்து, முகூர்த்த நாளன்று அதிகாலையில் செல்ஃப் சுற்றியும் ஸ்பார்க் வராத சங்கடம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. மாட்யூலில் இந்தத் தொல்லை இல்லை: ஷாஃப்ட்டின் உச்சியில் சுற்றும் ரோட்டருக்கு அடியில் கேமின் மேல் ஒரு காந்த வளையம், பிளாட்டினம் இருந்த தட்டில் ஒரு சென்சார், அங்கிருந்து ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலுக்கு இரண்டு ஒயர்கள், அவ்வளவுதான். உரசும் பாகம் இல்லாததால் தேய்மானமில்லை, பிளாட்டினத்தின் முகம் கருகாமல் காக்கும் கண்டென்சருக்கும் வேலையில்லை.

ஆனால் மாட்யூல் சர்வரோக நிவாரணி அல்ல. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறது என்றால் முதலில் புஷ்ஷைத்தான் மாற்ற வேண்டும். நானும் அதை முடித்த பிறகே மாட்யூலைப் பொருத்தினேன். வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் அட்வான்ஸ் வெயிட்களின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், என்ஜினின் உறிஞ்சலுக்கேற்ப அதே வேலையைச் செய்யும் வாக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் அந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும். மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே ஈரம் கோத்து மிஸ்ஸிங் வருவது இரண்டுக்கும் பொது. காயிலின் ரெசிஸ்டன்ஸ் மாட்யூல் கேட்கும் அளவுக்குக் குறையக் கூடாது. என்ஜின் ஓடாமல் சாவியை ஆனிலேயே விட்டுவைத்தால் சில மாட்யூல்கள் கருகிவிடும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) உள்ள மிகப் பழைய வண்டி என்றால் அதற்கென உள்ள மாட்யூலையே கேட்டு வாங்க வேண்டும்.

புதிய முழு டிஸ்ட்ரிபியூட்டரை நானே வைத்து ஓட்டியதில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன். ஐட்லிங் சீராக இருந்தது, ஸ்டார்ட்டிங்கும் உடனே பிடித்தது. அதில் வரும் அட்வான்ஸ் நம் என்ஜினுக்கு ஒத்துவருகிறதா என்பதுதான் கேள்வி. அவருடைய வண்டி நெல்லியாம்பதி மலை ஏற்றத்தில் என்ஜின் தட்டியதால் டைமிங்கைக் கொஞ்சம் குறைத்து வைக்க நேர்ந்தது. பழைய பாடி புஷ் மாற்றவும் முடியாத அளவுக்குத் தேய்ந்துபோனவர்களுக்கு இதுவே வழி, மற்றவர்களுக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

மாட்யூலின் பெரிய குறை, அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்பதுதான். பிளாட்டினம் பிக்கப்பைக் குறைத்து, புகைந்து, முன்கூட்டியே எச்சரிக்கும். மாட்யூல் போனால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். அதே பாடியை வைத்துக்கொண்டதன் லாபம் இங்கேதான் தெரிகிறது: கேப் சரிபார்த்த பிளாட்டினம் செட்டும் கண்டென்சரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டேஷ்போர்டில் இருந்தால், வேலந்தாவளம் செக்போஸ்ட் ஓரத்திலும் பழையபடி மாற்றி வண்டியை ஓட்டிவிடலாம். வாரம் முழுக்க ஓட்டுகிறவர், பக்கத்திலேயே நல்ல மெக்கானிக் உள்ளவர் என்றால் பிளாட்டினத்தை விட்டு மாறச் சொல்ல எனக்குக் காரணமில்லை.