160 அட்டைகளில் எஞ்சிய 52: ஆங்கிலப் பனுவல் ஆய்வுக் கலைச்சொற்களுடன் நான்கு ஆண்டுகள்

தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கியபோது, பனுவல்களை ஆராய்வதற்கான கலைச்சொற்களை மனத்தில் இருத்த இரண்டு கருவிகளைக் கைக்கொண்டேன். ஒன்று, கையால் எழுதிய அட்டைகள். மற்றொன்று, இடைவெளி விட்டு நினைவூட்டும் இலவச அலைபேசிச் செயலி. ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மாலைநேர வகுப்பு எடுக்கும் இன்றும் இரண்டையும் பயன்படுத்துகிறேன். 160 ஆக இருந்த சொற்கள் இப்போது 52 ஆகிவிட்டன.

முதலாண்டு ஏறக்குறைய வீண். அகரவரிசைப்படி சொல்லையும் வரையறையையும் எழுதிக்கொண்டேன். செயலி கேட்ட கேள்விகளுக்குத் தடையின்றி விடை சொன்னேன். ஆனால் இருபது வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்தால், "இங்கே மெட்டஃபர் (உருவகம்) வந்துள்ளது" என்று எழுதியதோடு பேனா நின்றுவிடும். ஒப்படைப்புத் தாளின் ஓரத்தில், "அதனால் என்ன?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருந்தார்கள். சினம் வந்தாலும், கேள்வி நியாயமானதுதான்.

வழி திறந்தது வானிலை எச்சரிக்கையில். "ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்சர் இன்ட்டு தி சீ" என்ற வாக்கியத்தை இக்கரையில் ஆங்கிலம் அறியாதவர்கூட ஏதோ ஒரு வடிவில் கேட்டிருப்பார். ஒருநாள் அதைக் கரும்பலகையில் எழுதி, அறிவுறுத்துபவர் யார் என்று கேட்டேன். வாக்கியத்தில் அவர் இல்லை. செயப்பாட்டு வினை, அதாவது பாஸிவ் வாய்ஸ், செய்பவரை மறைக்க இடந்தருகிறது என்பதை மாணவர்கள் வரையறை இல்லாமலே கண்டுகொண்டார்கள். அடுத்து, இது அறிவுரையா, ஆணையா என்று கேட்டதற்கு, விசைப்படகுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், "டோக்கனே குடுக்க மாட்டாங்க டீச்சர், அப்புறம் என்ன அறிவுரை?" என்றான். டோக்கன் என்பது படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு. மொழியின் வடிவம் ஒன்றாகவும் அது நிகழ்த்தும் செயல் வேறாகவும் இருப்பதைக் குறிக்கும் ஸ்பீச் ஆக்ட் என்ற சொல்லை அந்த இடத்தில் கொடுத்தேன். இன்றுவரை அவன் மறக்கவில்லை. 'வென்சர்' என்ற வினையிலும் ஒரு செய்தி இருந்தது. தமிழ் அறிவிப்பு 'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று இயல்பாகச் சொல்லும்போது, ஆங்கிலம் துணிந்து இறங்குதல் என்னும் சாயலை ஏற்றிவிடுகிறது. அன்றாடத் தொழில் அங்கே சாகசமாகிவிடுகிறது. கனோட்டேஷன், அதாவது சொல் ஏற்றிவரும் சாயல், என்ற அட்டையின் பின்புறத்தில் இருந்த வரையறையை அன்றே அடித்துவிட்டு, இந்த வாக்கியத்தை எழுதினேன்.

அதே அட்டையில் பின்னர் இன்னொன்றும் சேர்ந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியை ஆங்கிலப் பயணக் கட்டுரைகள் 'கோஸ்ட் டவுன்', அதாவது பேய் நகரம், என்றே அழைக்கின்றன. அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தத் தொடரை உருவகம் என்று அடையாளம் காட்டுவதோடு நிறுத்தினால் பயனில்லை. அது யாரைக் காணாமல் ஆக்குகிறது என்று கேட்கும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது. அதன் பிறகு, கேள்வி எதையும் எழுப்பாத சொற்களை ஒவ்வொன்றாக நீக்கினேன்.

தமிழ் இலக்கணம் பல இடங்களில் தோள் கொடுத்தது. 'டெல்லி வலியுறுத்தியது, கொழும்பு மறுத்தது' என்ற செய்தி நடையைப் பார்த்தவுடன் மாணவர்கள் ஆகுபெயர் என்கிறார்கள். மெட்டனிமிக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. 'தலைக்கு ஒரு பழம்' தெரிந்தவருக்கு, பகுதியைச் சொல்லி முழுமையைக் குறிக்கும் சினெக்டகியும் எளிது. ஆனால் மோனையை அலிட்டரேஷன் என்று நானே மொழிபெயர்த்துக் கொடுத்தது பெரும்பிழை. மோனையில் ம, வ இரண்டும் இன எழுத்துகள்; ஆகவே 'மேக்', 'வேவ்' என்பவற்றை ஒன்றுவதாக மாணவி ஒருத்தி குறித்திருந்தாள். ஆங்கிலத்தில் அது செல்லாது. அங்கே எழுத்தும் கணக்கில்லை, ஒலிதான் கணக்கு: 'சிட்டி' (நகரம்), 'கேட்' (பூனை) இரண்டும் 'c' என்ற ஒரே எழுத்தில் தொடங்கியும் ஒன்றா, 'ஃபோன்', 'ஃபிஷ்' வெவ்வேறு எழுத்தில் தொடங்கியும் ஒன்றும். ரைம் என்பதை எதுகை என்று சொல்லிக்கொடுப்பதும் இப்படிப்பட்டதே. இறுதியில் ஒலி ஒன்றுவதால் அது இயைபுக்குத்தான் நெருக்கம். முரண்நகை என்ற பெயரில் 'நகை' இருப்பதால், ஐரனி வந்தால் சிரிப்பு வந்தாக வேண்டும் என்று எண்ணுவோரும் உண்டு.

ஒரே சொல் இரு சிந்தனை மரபுகளில் இரு பொருள் தருவது இன்னொரு தொல்லை. இலக்கியத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் உருவகத்தை டெனர், வீக்கிள் என்று பிரித்தார்; நம் வழக்கில் முறையே பொருள், உவமை எனலாம். ஹாலிடேயின் மொழியியலிலோ டெனர் என்பது பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலான உறவு நிலை. செயலி இந்த இரண்டையும் ஒரே விடையாக ஏற்றுக்கொண்டிருந்தது. அட்டையை அப்படி எழுதியது நான் என்பதால் செயலியைக் குறை சொல்ல முடியாது. இப்போது அத்தகைய சொற்களுக்கு யார் பயன்படுத்தியது என்பதையும் முன்புறத்திலேயே எழுதுகிறேன்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, உப்புக்காற்றில் சாதாரண அட்டை இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்குவதில்லை. பிஸ்கட் டப்பாவில் வைத்த பின்னரே என் அட்டைகள் வளையாமல் இருக்கின்றன. செயலி மறவாமல் நினைவூட்டும், எடுத்துக்காட்டைத் தேடித் தராது. இரண்டில் ஒன்றுதான் வேண்டுமென்றால் அட்டையைத்தான் சொல்வேன், எழுதும்போதே நல்ல வாக்கியம் ஒன்றைத் தேட வேண்டியிருப்பதால்.

நான்கு ஆண்டுகளாகியும் எனக்கு வசப்படாதவை யாப்புச் சொற்கள். நேர், நிரை என்று குறிலையும் நெடிலையும் கொண்டு அசை பிரித்துப் பழகிய காதுக்கு, அழுத்தத்தை எண்ணும் ஐயாம்ப், ட்ரோக்கி என்ற ஆங்கிலச் சீர்வகைகள் பிடிபடவில்லை. அந்த ஆறு அட்டைகள் டப்பாவின் மேலேயே கிடக்கின்றன. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், மாணவர்களோடு உட்கார்ந்து கவிதை ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் விரலால் தட்டிப் பார்க்கிறேன். அவர்கள் தட்டுவது பெரும்பாலும் சரியாக விழுகிறது.