350 ரூபாய் கேப்போவும் என் இரண்டாம் ஃப்ரெட்டும்

கேப்போவுக்கு, அதாவது கிடாரின் நெக்கில் (கழுத்தில்) மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அமுக்கிச் சுருதியை ஏற்றும் கவ்விக்கு, நான் கொடுத்தது 350 ரூபாய். ஃப்ரெட்டில், அதாவது நெக்கில் கம்பிகளுக்குக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டையில், விழுந்த தடத்தை எடுக்கக் கொடுத்தது 2,800 ரூபாய். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்குக் கிடாரைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போய்வந்த பஸ் காசு தனி. கிடார் இல்லாமல் போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கொயரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் பிராக்டிஸ் முடிந்ததும் கேட்டான். "அண்ணா, கேப்போ வாங்கணும். ஸ்பிரிங் வாங்கட்டுமா, திருகு வாங்கட்டுமா?" ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஸ்பிரிங் கேப்போவோடு ஆறு வருஷம், திருகு கேப்போவோடு இரண்டரை வருஷம் வாசித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஸ்பிரிங் கேப்போவைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. சர்ச்சில் வாசிப்பவனுக்கு அது பெரிய வரம். எங்கள் கொயரில் கீர்த்தனையை எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்கு ஏ ஸ்கேல்தான் தோது. ஜி ஷேப்பை, அதாவது ஜி ஸ்கேலுக்கான விரல் அமைப்பை, வைத்துக்கொண்டு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டால் ஏ வந்துவிடும். அடுத்த பாட்டு ஈ ஸ்கேல் என்றால் சி ஷேப், நான்காம் ஃப்ரெட். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க ஒரு மூச்சு விடும் நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒற்றைக் கையால் அமுக்கி, எடுத்து, வைத்துவிடலாம். தேவையில்லாதபோது கிடாரின் தலையில் கவ்வ விட்டுவிடலாம். ஆறு வருஷத்தில் அந்த ஸ்பிரிங் ஒருநாளும் தளர்ந்ததில்லை, ரப்பர் மட்டும் ஒருமுறை பிய்ந்து ஒட்டினேன்.

தளராததுதான் அதன் கோளாறு என்பது கோயம்புத்தூரில் அந்த ரிப்பேர்க்காரர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது.

நான் போனது வேறு குறைக்கு. கேப்போ இல்லாமல் வாசிக்கும்போது இரண்டாவது கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 'ஜிர்ர்' என்று ஒரு இரைச்சல். டி கார்டு போட்டால் முதல் கம்பியும் அதே கதை. மழைக்காலத்தில் மரம் ஊதி நெக் நகர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அப்படி நினைப்பது சுலபம். ஜூனில் தொடங்கும் மழை விட்டும் விடாமலும் போய், அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவக்காற்றோடு நிஜமாகக் கொட்டும். பிப்ரவரியில் வறட்சி தொடங்கினால் ஃபிங்கர்போர்டு (விரல் பதிக்கும் பலகை) சுருங்கி ஃப்ரெட் முனைகள் நெக்கின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். கிடாருக்கு என்ன வந்தாலும் பழியை மேகத்தின் மேல் போட்டுவிடுவோம்.

அவர் கிடாரைப் பெஞ்சில் படுக்க வைத்தார். கம்பிகளைத் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒதுக்கினார். கடையின் லைட்டை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை ஃபிங்கர்போர்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்து அடித்தார். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஆறு நிழல்கள். ஒன்றாம், இரண்டாம் கம்பிக்குக் கீழே பிளேடால் கீறியது போல ஒடுங்கிய பள்ளம். ஐந்துக்கும் ஆறுக்கும் கீழே அப்படியில்லை. அந்தத் தடித்த கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியின் சுற்றுகள் வரிசையாகப் பதிந்து, ரம்பப் பல் மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. நான்காம் ஃப்ரெட்டிலும் அதே ஆறு, ஆழம் கொஞ்சம் கம்மி.

"இது விரல் தேய்ச்சது இல்லைங்க," என்றார். "விரல் தேய்ச்சா அகலமா, தட்டையா இருக்கும். இதோ முதல் ஃப்ரெட்ல பாருங்க, சி கார்டு புடிக்கிற எடம். இது விரல். ரெண்டாவதுல கம்பி எத்தனை தடிமனோ அத்தனைக்குத்தான் கோடு விழுந்திருக்கு. கேப்போ போட்டுட்டு ட்யூன் பண்ணுவீங்களா?"

"ஆமாங்க, எப்பவும் பண்ணுவேன்."

"அதான்." நகத்தால் பள்ளத்தின் குறுக்கே இழுத்துக் காட்டினார். டக்கென்று நகம் மாட்டி நின்றது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். சாதாரண ஃப்ரெட் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். கம்பியோ எஃகு. எஃகைவிட ஃப்ரெட் மெத்தென்ற உலோகம். கேப்போவைப் போட்டு சும்மா வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் தேயாது, அமுக்கம் மட்டும்தான் இருக்கும். தேய வேண்டுமென்றால் ஏதாவது நகர வேண்டும். கேப்போ கவ்வியிருக்கும்போதே ட்யூனிங் கீயைத் திருப்பினால், இறுக்கிப் பிடித்த கம்பி ஃப்ரெட்டின் முதுகில் நீளவாக்கில் இழுபடுகிறது. ரம்பம் போடுவது போலத்தான். கேப்போவைத் தூக்காமல் ஒரு ஃப்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டு போனாலும் அதேதான், வழியில் இருக்கும் ஃப்ரெட்டுகளுக்கும் சேர்த்து.

சரி, நான் ஏன் ஒவ்வொரு முறையும் கேப்போ போட்டபின் ட்யூன் செய்தேன்? பொழுதுபோகாமல் இல்லை, சுருதி ஏறிவிடும். இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். சாதாரண ஸ்பிரிங் கேப்போவில் அமுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியே இல்லை. தடித்த நெக், மெலிந்த நெக், தாழ்ந்த ஃப்ரெட், உயர்ந்த ஃப்ரெட் என்று எதற்கும் போதட்டும் என ஒரே பலத்தில் ஸ்பிரிங்கைப் போட்டுவிடுகிறார்கள். அதோடு, கிடாரின் நெக் உடம்புப் பக்கம் போகப் போகத் தடிக்கும். கேப்போ அகலமாக வாய் திறக்கத் திறக்க ஸ்பிரிங் இன்னும் முறுக்கேறி, இன்னும் பலமாகக் கடிக்கும். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டாலே போதும் என்கிற இடத்தில் அதைப் பலகை வரைக்கும் அமுக்கிவிடுகிறது. கம்பி விறைக்கிறது, சுருதி ஏறுகிறது. சுருதி காட்டும் ட்யூனரை மாட்டிப் பார்த்தேன். நான்காம் ஃப்ரெட்டில் மூன்றாவது கம்பி 14 சென்ட் மேலே நின்றது. அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்றால் 14 என்பது கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது பாடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவு. உடனே கை தானாகக் கீயைத் திருப்பும். பாட்டு முடிந்து கேப்போவைக் கழற்றினால் இப்போது திறந்த கம்பி இறங்கிக் கிடக்கும். மறுபடி ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கு ஆறேழு பாட்டு, ஆறு வருஷம்.

இதில் என் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். "கம்பி கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். நாலு மாசம் ஆகியிருந்தது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊரில் நாலு மாசக் கம்பி என்றால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு கம்பிகளின் அடிப்பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், துரு சொரசொரவென்று இருந்தது. மேலிருந்து பார்த்தால் பளபளப்பு, ஃப்ரெட்டைத் தொடுகிற அடியில் எமரி பேப்பர். ஸ்பிரிங் மேலிருந்து அமுக்க, துரு கீழிருந்து அறுத்திருக்கிறது.

இந்தத் தடத்தை எடுக்கும் வேலைக்கு ஃப்ரெட் டிரெஸ்ஸிங் என்று பெயர். டிரெஸ்ஸிங் என்றால் பள்ளத்தை நிரப்புவது என்று நான் நினைத்திருந்தேன். நிரப்ப முடியாது. பள்ளம் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்கு மற்ற ஃப்ரெட் எல்லாவற்றையும் அராவி இறக்கி ஒரே மட்டமாக்கி, பிறகு ஒவ்வொன்றின் தலையையும் வளைவாக உருட்டுவார்கள். என் கிடாரில் 20 ஃப்ரெட். கேப்போவே படாத பன்னிரண்டாம் ஃப்ரெட்டும் பதினைந்தாம் ஃப்ரெட்டும் இரண்டாவதின் பள்ளத்துக்காகத் தேய்க்கப்பட்டன. ஃப்ரெட்டின் மொத்த உயரமே ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்தான். இப்படி எத்தனை முறை செய்ய முடியும்? "இன்னொரு தடவை தாங்கும். அதுக்கப்புறம் ஃப்ரெட்டையே மாத்தணும்ங்க," என்றார். அப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுக்கொள்ளலாம், அது நிக்கல் சில்வரைவிட ரொம்பக் கடினம், ஆனால் அராவுகிற அரத்தையே தின்றுவிடும், கூலியும் ஏறும். இந்த விஷயம் எதையும் கேப்போ விற்கிற இடத்தில் யாரும் சொல்வதில்லை. கிடாரோடு இலவசமாகவே ஒன்றைப் பையில் போட்டுத் தருகிறார்கள். ஒரு சீட்டில் இரண்டு வரி அச்சடித்து வைத்தால் என்ன குறைந்துபோகும்?

திரும்பி வந்த அன்றே திருகு வகை ஒன்றை வாங்கினேன். அதன் பயன்பாடு எளிது, கொஞ்சம் பொறுமை வேண்டும். கேப்போவைத் தளர்வாகத் திறந்து, ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால், கிட்டத்தட்ட உரசுகிற அளவு நெருக்கமாக, நேராக வைக்க வேண்டும். ஃப்ரெட்டின் மேல் ஏறினால் ஒலி செத்துவிடும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே போனால் கம்பி வளைந்து சுருதி ஏறும். இனி ஒரு கையால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே மறு கையால் திருகை இறுக்குங்கள். முதலில் எல்லாம் மொட்டையாக 'தப் தப்' என்னும். அப்புறம் நடுக்கம்பிகள் தெளியும். என் கிடாரில் கடைசியாகத் தெளிவது முதல் கம்பி, ஏனென்றால் ஃபிங்கர்போர்டு லேசாக வளைந்தது, ஓரம் தாழ்ந்திருக்கும். அதுவும் கணீரென்றதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கால் சுற்று என்று கை துறுதுறுக்கும், கூடாது. அந்த இடத்தில் ட்யூனர் காட்டுவது 4 சென்ட். நான் அதைத் தொடுவதே இல்லை. (நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிடார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். உங்கள் பலகை தட்டை. வளைந்த பட்டை உள்ள கேப்போவை வாங்கினால் சில கம்பிகள் என்ன இறுக்கினாலும் பேசாது. கிளாசிக்கலுக்கு என்றே தட்டைப் பட்டையோடு வருகிறது.)

இரண்டரை வருஷம் கழித்து அதே மொபைல் டார்ச், அதே சாய்ந்த வெளிச்சம். இரண்டாம் ஃப்ரெட்டில் முதல் கம்பிக்குக் கீழே மங்கலாக ஒரு கோடு, நகம் மாட்டவில்லை. கேப்போவின் புண்ணியம் பாதி என்றால், கேப்போவைக் கழற்றிவிட்டு ட்யூன் செய்வதும், வாசித்து முடித்ததும் கம்பிகளின் அடிவரைக்கும் துணியால் துடைப்பதும், மழைக்காலத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கம்பி மாற்றுவதும் மறு பாதி. கேப்போவோடு கிடாரைப் பையில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

ஆனால் திருகு கேப்போவைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடிக்கவில்லை. இரண்டிலிருந்து நான்குக்குப் போக இரண்டு கையும் வேண்டும், நாலைந்து சுற்று வேண்டும். சர்ச் ஐயர் (பாதிரியார்) அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கீபோர்டு முன்னிசையைத் தொடங்கிவிடும். நான் தலை குனிந்து திருகிக்கொண்டிருப்பேன். முதல் சரணம் பாதி போன பிறகு சேர்ந்துகொண்ட நாட்கள் உண்டு. ஷப் என்ற பிராண்டு மாதிரி நெம்புகோல் வகைக் கேப்போவை ஒரு நண்பரிடம் வாங்கி இரண்டு வாரம் வாசித்தேன். திருகை ஒருமுறை அளவாக வைத்துவிட்டால் பிறகு நெம்புகோலை மடக்கினால் போதும், அமுக்கமும் நம் கையில் இருக்கும். நான்காம் ஃப்ரெட்டுக்குப் போகும்போது மட்டும் திருகை ஒரு துளி தளர்த்த வேண்டும். காசு சேர்ந்தால் அதைத்தான் வாங்குவேன்.

டிசம்பர் வந்தால் இந்த நியாயம் எதுவும் நிற்பதில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி ஒரு மணி, இரண்டு மணி வரை வீடு வீடாகப் போவோம். தேயிலைச் சரிவில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இறங்கும்போது கையுறையைக் கழற்றினால் விரல் நுனிகள் மரத்துவிடும். அந்த விரலால் அந்தச் சின்னத் திருகைத் திருப்ப முடியாது, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் திருப்பிப் பார்த்துத் தோற்றேன். ஒரு வீட்டில் பாட்டியம்மா ஒருத்தர், நாங்கள் வாசலில் நிற்கும்போதே தன் குரலில் தன் சுருதியில் எடுத்துவிட்டார். எந்த ஸ்கேல் என்று கேட்டுக் கண்டுபிடித்து, ஒற்றைக் கையால் ஸ்பிரிங் கேப்போவை மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்து, இரண்டாவது வரியிலேயே அவரோடு சேர்ந்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணம் வரை பாடினார். திருகு கேப்போவோடு நின்றிருந்தால் பாதிப் பாட்டு அவர் தனியாகத்தான் பாடியிருப்பார்.

குளிரில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியே கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், ஆட்கள் நிறைந்த வீட்டுக்குள் போனதும் இறங்கும். கேப்போ போட்டபடியே கீயைத் திருப்பச் சொல்லிக் கை கெஞ்சும். கழற்றி, ட்யூன் செய்து, மறுபடி வைக்கிறேன். கூட வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

தம்பி, நீ திருகு வகையையே வாங்கு. கிடார் புதுசு, ஃப்ரெட் புதுசு, பழக்கமும் இப்போதுதான் உண்டாகிறது. நான் என் ஸ்பிரிங் கேப்போவை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. இந்த டிசம்பரிலும் அதுதான் என்னோடு வரும். ரவுண்ட்ஸ் முடிந்த மறுநாள் மாற்றுவதற்குக் கம்பி செட் ஒன்றை இப்போதே வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.