கடற்பால நெரிசலில் கேட்ட 19 பாட்டு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து கிளம்பி, எட்டரைக்கெல்லாம் மலேசியாவில் ஸ்கூடாயில் இருக்கிற அக்கா வீட்டில் சுடச்சுடத் தோசை சாப்பிடலாம் என்று திட்டம் போடுகிற ஆள் நான். பல வருஷமாக இதே திட்டம்தான், ஒரு தடவைகூட நடந்ததில்லை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வருவதற்கு முன்னாலேயே பிரேக் விளக்குகள் சிவப்பாக வரிசை கட்டி நிற்கும். பின் சீட்டில் ஏழு வயது மகள், அவள் பக்கத்தில் என் அம்மா, முன்னால் நானும் மனைவியும். இரண்டு நாட்டையும் இணைக்கிற, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கடற்பாலத்தைத் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆகிற நாளில் காருக்குள் என்ன பாட்டு ஓடுகிறது என்பது லேசான விஷயம் இல்லை. அன்றைய குடும்ப அமைதியே அதில்தான் தொங்குகிறது.

இந்தச் சோதனையில் எங்கள் காரில் தாக்குப்பிடித்த ஒரு குழந்தைப் பாட்டுத் தொகுப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். 'தே மைட் பி ஜயண்ட்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழு 2009இல் வெளியிட்ட 'ஹியர் கம்ஸ் சயன்ஸ்'. பழசுதான். என் கையில் கிடைத்தது இப்போதுதான்.

அதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மூன்று வயதில் அந்தச் சுறாக்குட்டிப் பாட்டு வீட்டுக்குள் வந்தது. எது என்று சொல்லவே வேண்டாம், 2020 நவம்பரில் யூடியூபில் உலகத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ ஆனதே, அதுதான். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்துச் சிறை ஒன்றில் இதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கைதிகளை நிற்க வைத்துக் கொடுமைப்படுத்தினார்கள் என்று 2020இல் ஊழியர்கள்மேல் வழக்கே போட்டார்கள். செய்தியைப் படித்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்களுக்காக யார் வழக்குப் போடுவது?

சரி, தமிழ்ப் பாட்டே போடலாமே என்று தேடினால் அது வேறு வருத்தம். வரிகள் கவிமணியுடையவை, அழ. வள்ளியப்பாவுடையவை, வாயில் போட்டால் கற்கண்டு மாதிரி கரைகிறவை. ஆனால் பின்னணியில் ஓடுவது பிறந்தநாள் கேக்கில் குத்துகிற பாட்டு மெழுகுவர்த்தியின் சத்தம். ஒரே கீபோர்டு, ஒரே தாளம், பசுவுக்கும் அதுதான், நிலாவுக்கும் அதுதான், கத்திரிக்காய்க்கும் அதுதான். பாடுகிறவர் குழந்தைக்குப் பாடுகிறோம் என்பதற்காகவே குரலை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு செல்லச் சிணுங்கல் வைக்கிறார். விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்த நிலைமையில்தான் அலுவலகத்தில் கூட வேலை செய்கிற ஒருவர், பெரியவர்களுக்கான ராக் குழு குழந்தைகளுக்குப் பாடியது, கேட்டுப் பாருங்கள் என்றார். ஜான் ஃபிளான்ஸ்பர்க், ஜான் லின்னல் என்று இரண்டு ஜான்கள் 1982இல் ஆரம்பித்த குழு. இருபது வருஷம் பெரியவர்களுக்கு மட்டும் பாடிவிட்டு 2002இல்தான் குழந்தைகள் பக்கம் திரும்பினார்கள். பிறகு எழுத்துகளுக்கு ஒரு தொகுப்பு, அப்புறம் எண்களுக்கு ஒன்று, எண்களுக்கான தொகுப்பு கிராமி விருதும் வாங்கியது. அதற்கு அடுத்து வந்தது இந்த அறிவியல் தொகுப்பு. கிட்டார், டிரம்ஸ் எல்லாம் நிஜ வாத்தியம், பாடுகிறவர்கள் தங்கள் சொந்தக் குரலில் பாடுகிறார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன், குழந்தைப் பாட்டுக்கு நான் ஒலியைக் கூட்டியது அதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டியது நடுவில் வருகிற இரண்டு சூரியப் பாட்டுகள். முதலாவது இவர்கள் எழுதியதே இல்லை. 1959இல் குழந்தைகளுக்கான ஒரு விண்வெளிப் பாட்டு இசைத்தட்டில் வந்தது அது, எழுதியவர் ஹை ஸாரெட். ('அன்செயின்டு மெலடி' என்ற உலகப் புகழ்பெற்ற காதல் பாட்டை எழுதியவரும் இதே ஆள்தான். நம் ஊரில் வாலி காதலுக்கும் எழுதுவார், குழந்தைக்கும் எழுதுவார் என்றால் யாரும் ஆச்சரியப்படமாட்டோம், அந்த மாதிரி.) சூரியன் என்பது தகதகவென எரிகிற ஒரு வாயு உருண்டை, உள்ளே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது, பல மில்லியன் டிகிரி வெப்பம் என்று துள்ளலாகப் போகும். இந்தக் குழு 1993லேயே அதை எடுத்துப் பாடிவிட்டது, அவர்களுடைய ரசிகர்கள் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டாடிய பாட்டு. 2009இல் குழந்தைகளுக்கென்று மறுபடி பாடினார்கள். அது முடிந்த கையோடு அடுத்த பாட்டு ஆரம்பிக்கிறது, தலைப்பு ஏறக்குறைய அதேதான், 'உண்மையிலேயே' என்று ஒரு சொல் மட்டும் கூடுதல். இப்போது என்ன பாடுகிறார்கள் என்றால், சூரியன் வாயு இல்லை, பிளாஸ்மா, முன்னால் சொன்னது இனிச் செல்லாது!

மகள் முதலில் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, சோதனைச்சாவடிக்கு இன்னும் நூறு மீட்டர் இருக்கும், பக்கத்துத் தடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் எங்களைத் தாண்டி நடந்தே போய்க்கொண்டிருக்கிறது, பின்னாலிருந்து குரல் வருகிறது.

"அப்பா, அப்போ மொத பாட்டு பொய்யா?"

"பொய் இல்லம்மா. அப்போ அவ்வளவுதான் சொல்லியிருந்தாங்க. அப்புறம் தப்புன்னு தெரிஞ்சதும் மாத்திக்கிட்டாங்க."

"அப்போ ஏன் தப்பான பாட்டையும் வச்சிருக்காங்க? அழிச்சிருக்கலாம்ல?"

என்னிடம் பதில் இல்லை. மனைவிதான் திரும்பி, "நீ எழுத்துவேலைல தப்பா எழுதுனா டீச்சர் கோடு போட்டுப் பக்கத்துல திருத்தம் எழுதச் சொல்றாங்கல்ல, அழிக்கவா சொல்றாங்க?" என்றாள். மகள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இது அவங்களோட திருத்தம்" என்றாள். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாஸ்மா என்றால் என்ன என்பதை நான் அன்றைக்கு இரவு உட்கார்ந்து படித்தேன். வெப்பம் தாங்காமல் அணுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு தனியாக அலைகிற நிலை. நாற்பது வயதில் ஒரு குழந்தைப் பாட்டால் வந்த வீட்டுப்பாடம்.

அடுத்தது தொல்லுயிரியலாளர் பாட்டு. குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிற டேனி வைன்காஃப் பாடியது, தொகுப்பிலேயே சத்தமான, ஆடவைக்கிற பாட்டு. மண்ணைத் தோண்டுவதில் இருக்கிற சந்தோஷத்தைப் பாடுகிறார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதன் விளைவு என்னவென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட கோழி எலும்புகள் நான்கைந்து, வாசலில் நடைவழியில் அம்மா வைத்திருக்கிற துளசித் தொட்டிக்குள்ளிருந்து கிடைத்தன. புதைத்து வைத்துப் பிறகு கண்டுபிடிப்பதாகத் திட்டமாம். அம்மா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. மண்ணை மாற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, புதுச் செடி வைத்த பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

அதன் பிறகு, பேசாமல் நிஜ எலும்பையே காட்டிவிடலாம் என்று தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கூட்டிப்போனோம். பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி என்று மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள், அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியெடுத்துக் கொண்டுவந்தவை, 15 கோடி வருஷம் பழையவை. டுவிங்கிதான் குட்டி. அதன் கழுத்துக்குக் கீழே நின்றுகொண்டு மகள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எலும்பை எண்ணினாள், வால் வரைக்கும் போவதற்குள் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சீனத் தாத்தா அவளோடு சேர்ந்து எண்ணினார். அரும்பொருளகம் திறந்தது 2015இல், இத்தனை வருஷம் போகாமலே இருந்திருக்கிறோம்.

குரங்கு நம் அண்ணன் என்று ஒரு பாட்டு வருகிறது. பரிணாமம்தான் பொருள், குடும்ப ஒன்றுகூடலுக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். பேத்தி அர்த்தம் சொன்னதும் அம்மா என்ன சொல்வார்களோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுல என்ன புதுசு? ராமருக்கே அவங்கதான் பாலம் கட்டிக் குடுத்தாங்க" என்றுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "அந்தப் பாலத்துல இவ்வளவு ஜாம் இருந்திருக்காது" என்றார்கள்.

குறையும் உண்டு. 19 பாட்டில் நான்கைந்து சப்பென்று இருக்கின்றன. கணினி வழி வடிவமைப்பைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அது எந்தக் குழந்தைக்கு வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை, பொறியாளனான எனக்கே வேண்டாம். மின்சாரக் கார் பாட்டு சர்க்கரை கூடிப்போன தேநீர் மாதிரி, முதல் வாய் நன்றாக இருக்கும். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் வித்தியாசம் சொல்கிற பாட்டில் விஷயம் சரி, மெட்டு நிற்கவில்லை. அமெரிக்க உச்சரிப்பில் வேகமாகப் பாடுவதால் சில வரிகள் எங்களுக்கே நான்காவது தடவைதான் பிடிபட்டன. அப்புறம், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இது வேலைக்கு ஆகாது. இங்கே பள்ளியில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல்தான் ஆரம்பிக்கிறது, அதற்கு ஓரிரு வருஷம் முன்னால் தொடங்கினால் கச்சிதம். ஒளிச்சேர்க்கை, செல், திட திரவ வாயு எல்லாமே இருக்கின்றன, துணைப்பாட வாசனை மட்டும் இல்லை. தனிமங்கள் பாட்டில் யானையும் எறும்பும் நாமும் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்கிற நாலே நாலு சாமானில் செய்யப்பட்டவர்கள் என்று வருகிறது, அதைக் கேட்டதிலிருந்து மகள் எதைச் சாப்பிடும்போதும் "இதுலயும் அந்த நாலுதானா?" என்கிறாள்.

இதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறுத்தியது. நம்மிடம் இந்த மாதிரி இருந்ததே. சினிமாவில் இருந்தது. 1990இல் வந்த 'அஞ்சலி' இளையராஜாவின் 500ஆவது படம், அதில் பாடிய பிள்ளைகளில் யுவன், பவதாரிணி, கார்த்திக் ராஜா எல்லாம் உண்டு. பிள்ளைகள் பாடுகிறார்கள் என்பதற்காக ராஜா வாத்தியக்காரர்களைக் குறைக்கவில்லை, பெரிய நாயகனுக்குப் போடுகிற அதே இசையைப் போட்டார். ஒருநாள் அறிவியல் பாட்டுகள் முடிந்ததும் அதைப் போட்டேன். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பாடியது அந்தக் காரில் அதுதான் முதல் தடவை, மகளுக்கு வரி தெரியாது, கத்தினாள்.

அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. "கோழி ஒரு கூட்டிலே போடுடா" என்றார்கள். 1965இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் எம்.எஸ்.வி. இசையில் எம்.எஸ். ராஜேஸ்வரி பாடியது. குட்டி பத்மினிக்காகப் பாடிய அந்தக் குரல் ஒரு சிறுமியின் குரல் என்றே நான் சின்ன வயதில் நம்பியிருந்தேன், பாடியவர் முப்பது வயதைத் தாண்டிய பெண். அவரும் குழந்தைபோலத்தான் பாடுகிறார், ஆனால் ஒரு இடத்திலும் கொஞ்சவில்லை, அந்தப் பிள்ளையின் துக்கத்தை அப்படியே பாடுகிறார். மகள் பேச்சில்லாமல் கேட்டுவிட்டு, "அந்தக் கோழி ஏன் தனியா இருக்கு பாட்டி?" என்றாள். பாட்டி அம்மா அப்பா சண்டைக் கதையைச் சொல்லி முடிக்கும்போது நாங்கள் மலேசியச் சாவடியையே தாண்டியிருந்தோம்.

தமிழில் சூரியனுக்கும் பிளாஸ்மாவுக்கும் யாராவது இப்படி ஒரு பாட்டுப் போட்டால் நான் காசு கொடுத்து வாங்கத் தயார், முப்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொன்னாலும் சரி. அதுவரை இதுதான். முதலில் குறுந்தட்டும் வீடியோ தட்டும் சேர்ந்து வந்த தொகுப்பு, இப்போது பாட்டுச் செயலிகளில் முழுசாகக் கிடைக்கிறது. படங்களை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் போடச் சொல்வேன். திரை இல்லாமல் கேட்டதால்தான் எங்கள் வீட்டில் கேள்விகள் வந்தன என்று நினைக்கிறேன், திரை இருந்திருந்தால் வாயைத் திறந்துகொண்டு பார்த்திருப்பாள்.

19ஐயும் வரிசையாகப் போட வேண்டாம். நான் ஆறு பாட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்: தனிமங்கள், தொல்லுயிரியலாளர், குரங்கு அண்ணன், ஒளிச்சேர்க்கை, சூரியன், சூரியனின் திருத்தம். சூரியன் இரண்டையும் பிரிக்கக் கூடாது, மகளின் உத்தரவு. ஏழாவதாகக் கோழி ஒரு கூட்டிலே. அது அம்மாவின் உத்தரவு.