சமயப் பள்ளிக் குழுமத்துக்கு விக்கிப்பீடியா பக்கம்: அந்தத் தராசு எப்படி?

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் ஆதீனமோ ஆசிரமமோ மறைமாவட்டமோ யார் நடத்தும் பள்ளியாக இருந்தாலும், வெள்ளிவிழா நெருங்கும்போது அலுவலகத்தில் ஒரு கேள்வி எழும்: "நம்ம ஸ்கூலுக்கு ஏனுங்க விக்கிப்பீடியால பக்கம் இல்லை?" அங்கே பக்கம் எழுதுவதும், தகுதி பார்ப்பதும், நீக்குவதும் தன்னார்வலர்கள் செய்யும் வேலை, கட்டணம் கிடையாது. அந்தச் சேவை பள்ளிக் குழுமங்களை எப்படி எடைபோடுகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

அளவுகோல் நேர்மையானது. பள்ளியோடு தொடர்பில்லாத ஒருவர், நம்பத்தக்க வெளியீட்டில், அந்தப் பள்ளியைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். மூன்றும் ஒரே சான்றில் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவை இரண்டு மூன்று தேறினால் பக்கம் நிற்கும். எத்தனை ஆயிரம் பிள்ளைகள், எத்தனை ஏக்கர் வளாகம், எவ்வளவு இலவசக் கல்வி என்பதெல்லாம் பெருமைக்கு உதவும், இங்கே உதவாது. உயர்நிலைப் பள்ளி என்றாலே பக்கம் உண்டு என்றொரு பழைய வழக்கம் ஆங்கில விக்கியில் இருந்தது. 2017இல் நடந்த பெரிய விவாதத்துக்குப் பிறகு அந்தச் சலுகையும் போய்விட்டது. லாப நோக்கில் நடக்கும் பள்ளி என்றால் கம்பெனிகளுக்கான கடுமையான விதியே பொருந்தும்.

வழக்கமாக வரும் சான்றுப் பட்டியல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் புரியும். பள்ளியின் சொந்த வலைத்தளம், பொன்விழா மலர், சபையின் மாத இதழ்: எல்லாம் வீட்டுக்காரர் எழுதியவை, விழுந்துவிடும். பிளஸ் டூவில் நூறு சதவீதத் தேர்ச்சி, ஆண்டு விழாவில் அமைச்சர் பங்கேற்பு: நாளிதழில் வந்தாலும் நாலு வரிச் செய்திதான், ஆழமில்லை. ஒரே வாசகம் மூன்று பத்திரிகையில் வந்திருந்தால் அது பள்ளியே அனுப்பிய செய்திக்குறிப்பு, மூன்றும் சேர்ந்து ஒன்றாகக்கூட எண்ணப்படாது. ஜூன் மாத அட்மிஷன் சிறப்பிதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரை பார்க்க அசல் கட்டுரை மாதிரியே இருக்கும்; ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் தரும், 33இல் தொடங்கும் பதினொரு இலக்க யூடைஸ் அடையாள எண், பள்ளி இருக்கிறது என்பதை மட்டும் மெய்ப்பிக்கும். இவ்வளவையும் கழித்த பிறகு பல குழுமங்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சுகிறவர்களும் உண்டு. பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா 1930இல் அவினாசிலிங்கம் தொடங்கியது. 1934இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். தொடங்கியவர் பின்னாளில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். இப்படிப்பட்ட நிறுவனத்தைப் பற்றி வெளியார் எழுதாமல் இருக்க மாட்டார்கள். 1862இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோவைப் பள்ளியும் அந்த வகைதான். பழமைக்காக இவற்றுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. பழமையால் சேர்ந்த எழுத்துக்குத்தான் மதிப்பு.

பெரும்பாலோர் இடறுவது 'குழுமம்' என்ற இடத்தில். ஒரு அறக்கட்டளைக்குக் கீழே எட்டுப் பள்ளி; அதில் ஒன்றைப் பற்றி நல்ல கட்டுரை இருக்கிறது. அந்தத் தகுதி மற்ற ஏழுக்கோ, அறக்கட்டளைக்கோ தானாக இறங்காது. மடம் புகழ்பெற்றது என்பதால் மடத்துப் பள்ளியும் தேறிவிடாது. குழுமத்தை ஒரே அமைப்பாகப் பார்த்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. நம் வட்டாரத்தில் அதற்குப் பெரும்பாலும் விடை 'இல்லை'. அப்போது பழைய பள்ளிக்கு மட்டும் தனிப்பக்கம், மற்றவை தாய் அமைப்பின் பக்கத்தில் ஒரு பத்தி, பள்ளிப் பெயரைத் தேடுபவரை அங்கே கொண்டுபோய் விடும் ஒரு வழிமாற்று. அலுவலகத்தில் இதைச் சொன்னால் முகம் சுருங்கும், ஆனாலும் நீண்ட நாள் நிற்பது இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. ஆங்கில விக்கியின் நீக்கல் விவாதம் ஏழு நாள் ஓடும். கருத்துச் சொல்பவர்கள் இணையத்தில் தேடிப் பார்ப்பார்கள்; ஐம்பதுகளின் தமிழ் நாளிதழ் கூகுளில் வராது, ஆகவே 'சான்று இல்லை' என்று எழுதிவிடுவார்கள். கொங்குப் பள்ளிகளுக்கு உண்மையான அநியாயம் நடப்பது இங்கேதான். விதியில் தவறில்லை. அச்சுச் சான்றுக்கு இணைப்பு தேவையில்லை; பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் இருந்தால் போதும். பலருக்கு அது தெரியாது. தமிழ் விக்கியில் ஆள் குறைவு, பேச்சுப் பக்கத்தில் கேட்ட கேள்வி பதிலில்லாமல் கிடக்கலாம். ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேட்டால் சீக்கிரம் யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

எழுத உட்கார்பவர் கவனிக்க வேண்டியவை. பள்ளிப் பெயரிலேயே பயனர் கணக்கு தொடங்கினால் ஆங்கிலத்தில் தடை விழும். கம்ப்யூட்டர் டீச்சரை வேலையோடு வேலையாக எழுதச் சொன்னால் அது சம்பளத்துக்கு எழுதுவது. பயனர் பக்கத்தில் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். வலைத்தளத்து வாசகத்தை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமை மீறல், விவாதமே இல்லாமல் பக்கம் போய்விடும். ஆங்கிலத்தில் நேரடியாகப் பக்கம் தொடங்கக் கணக்குக்கு நாலு நாள் வயதும் பத்துத் தொகுப்பும் (அதாவது திருத்தமும்) வேண்டும். இல்லையென்றால் வரைவாகத்தான் போகும், வரைவை ஆறு மாதம் தொடாமல் விட்டால் அழித்துவிடுவார்கள். பழைய மாணவர் வாட்சப் குழுவில் சொல்லி நீக்கல் விவாதத்தில் ஆதரவு போடவைப்பது மிக மோசமான யோசனை. அங்கே தலை எண்ணுவதில்லை. புதுக் கணக்குகள் வரிசையாக வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னால் சந்தேகம்தான் கூடும்.

அளவுகோலுக்கு ஐந்துக்கு நாலரை, நடைமுறைக்கு மூன்று. நீக்கப்பட்ட பக்கம் தொலைந்துபோவதில்லை: நீக்கிய நிருவாகியிடம் கேட்டால், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாதவரை, உங்கள் மணல்தொட்டிக்கு (பயனரின் சொந்தப் பயிற்சிப் பக்கம்) மீட்டுத் தருவார்கள், புதுச் சான்று கிடைத்த பிறகு அங்கிருந்தே தொடரலாம்.