ஏசி ஓடாத காரா, சில்லென்று குளிரும் காரா? பழைய கார் வாங்கியபோது நான் போட்ட கணக்கு

சென்ற மே மாதம் கத்திரி வெயிலில், திருச்சியில் ஒரே நாளில் இரண்டு பழைய கார்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாடல், இரண்டும் 2016. முதல் கார் ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. சாவியைக் கையில் கொடுக்கும்போதே, "ஏசி ஓடவில்லை தம்பி, போன வருடத்திலிருந்தே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது கார், புறவழிச்சாலை ஓரம் பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தில் நின்றது. சுவிட்சைப் போட்ட இரண்டாம் நிமிடமே முகத்தில் சில்லென்று அடித்தது. விலை 30,000 ரூபாய் கூடுதல்.

அப்பாவை மாதம் இருமுறை தஞ்சாவூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப்போக வேண்டும். அவரால் வெயில் தாங்க முடியாது. ஏசி இல்லாத கார் எங்களுக்கு உதவாது. வியர்வை வழிய நின்றிருந்த எனக்கு, இரண்டாவது காருக்கு அங்கேயே முன்பணம் கொடுத்துவிடத் தோன்றியது. உடன் வந்த ஏசி மெக்கானிக்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைசியில் நான் வாங்கியது முதல் காரைத்தான்.

பழைய கார் சந்தையில் அடிக்கடி காதில் விழும் வாசகம், "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் போதும்." பெட்ரோலைப் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஒரே கோடையில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். இந்தக் கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ், வெளிக்காற்றின் அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊசிமுனை அளவு இடம் கிடைத்தாலும் போய்விடும். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரின் பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக் என்னிடம் ஒன்றைக் காட்டினார். இன்ஜின் முழுக்கப் புழுதி படிந்திருந்தது. கேஸ் நிரப்பும் இரண்டு வால்வு மூடிகளும் அவற்றைச் சுற்றிய இடமும் மட்டும் துடைத்த பித்தளைச் சொம்பு மாதிரி பளிச்சென்று இருந்தன. "போன வாரம்தான் கேஸ் அடித்திருக்கிறார்கள் சார்" என்றார். கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே காட்டியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் ஓடாத நிலையில், 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ ஏறத்தாழ 115 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் அதே எண்தான். ஓடும்போது பார்க்கும் அழுத்தம் கம்ப்ரசரின் நிலையைச் சொல்லும். அடுத்த மாதம் கேஸ் இருக்குமா என்று சொல்லாது.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு காருக்கு அடியில் படுத்து, ஏசி தண்ணீர் சொட்டும் சிறு குழாயின் வாயில் லீக் கண்டுபிடிக்கும் கருவியின் முனையை வைத்தார். கேஸ் காற்றைவிடக் கனமானது. டேஷ்போர்டுக்குள் கசிந்தால் அந்தக் குழாய் வழியாகத்தான் கீழே இறங்கும். கருவி விடாமல் கத்தியது. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஓட்டை. அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அவர் சொன்ன செலவு 11,000 ரூபாய். கழற்றி மாட்டிய டேஷ்போர்டு, மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கலாம் என்றும் சொன்னார்.

ஆசிரியரின் காரில் கேஜ் பூஜ்யம் காட்டியது. அவருடைய சம்மதத்தோடு, அவரையும் உட்காரவைத்துக்கொண்டு, காரைப் பட்டறைக்கு எடுத்துப்போனோம். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவியதும், காரின் முகப்பில் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் கீழ் மூலையில் குமிழி குமிழியாக வந்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருந்தது. ஏதோ கல் அடித்திருக்கிறது. கம்ப்ரசரின் முன்தட்டை மெக்கானிக் கையால் சுற்றினார், தடையில்லாமல் சுற்றியது. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்ததும் கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று ஒட்டியது. பிறகு ஒரு குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டு என் கண்ணருகே நீட்டினார். தெளிவாக இருந்தது. அந்தத் துணியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த எண்ணெயில் வெள்ளித் தூள் போல மினுமினுப்பு இருந்திருந்தால் என் முடிவே வேறு. கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்ந்து உதிர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தத் தூள் கண்டன்சரின் மெல்லிய துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது. கம்ப்ரசர், கண்டன்சர், காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே போய்விடும். காயலான் கடைக் கம்ப்ரசரை வாங்கிப் போடவே போடாதீர்கள். குழாய் வாய் திறந்தபடி மாதக்கணக்கில் கிடந்திருக்கும். அதன் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பழுது நீக்கிய கம்ப்ரசரை, வாரண்டியை எழுத்தில் தருபவரிடம் மட்டும் வாங்கலாம். அப்படிப்பட்ட காரைக் கம்ப்ரசர் உட்பட முழுச் செலவையும் விலையில் கழித்தால் ஒழிய நான் தொடமாட்டேன்.

பயப்படத் தேவையில்லாத கோளாறுகளும் உண்டு. நெடுஞ்சாலையில் குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை, அல்லது கண்டன்சரில் அழுக்கு. ஒரு மணி நேரம் நன்றாக இருந்துவிட்டுக் காற்று குறைந்து, பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் பனி உறைகிறது. சென்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடதுபக்க மிதியடி ஈரமாக இருந்தால் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது. இவற்றுக்காக நல்ல காரைக் கைவிட வேண்டாம். பேரம் பேசினால் போதும்.

ஏசியே வேண்டாம், காற்று போதும் என்று மலிவாக வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்ரசரின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துபோகலாம். ஒரே பெல்ட்டில் ஆல்டர்னேட்டரும் ஓடும் கார்களில் பேட்டரி சார்ஜும் நின்று நடுவழியில் நிற்க நேரிடும்.

என் காருக்குக் கண்டன்சர், டிரையர், இணைப்புகளில் போடும் ரப்பர் ஓ-ரிங்குகள், குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம், கேஸ் எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய் ஆனது. விலையில் மிச்சமான 30,000 அதைத் தாராளமாக ஈடுகட்டியது. முதலில் விசாரித்த வேறொரு பட்டறையில், ஓட்டையை அடைக்காமலே விலை குறைந்த ஏதோ கேஸை நிரப்பித் தருவதாகச் சொன்னார்கள். சில இடங்களில் அப்படிப் போடுவது சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த கலவை, தீப்பிடிக்கக்கூடியது. அப்பா உட்காரும் காரில் அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நம் மெக்கானிக் அரை மணி நேரம் வேக்கம் இழுத்து, மீட்டர் முள் அசையாமல் நிற்பதைக் காட்டிவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்பினார். அந்தக் கிராம் அளவையும் தேதியையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த கோடையில் குளிர்ச்சி குறைந்தால், கேஸை உறிஞ்சி எடைபோட்டு ஒப்பிட அந்தப் பில் வேண்டும்.