ஊருக்குப் போகுமுன் டைபாய்டு ஊசி: பழையதா, புதியதா, போடாமலே போகலாமா?

கோலாலம்பூரில் டைபாய்டு ஊசி என்றாலே பலருக்குச் சாப்பாட்டுக் கடை வேலைதான் நினைவுக்கு வரும். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைப்படி, கடையில் உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் மருத்துவப் பரிசோதனை செய்து, ஊசியும் போட்டிருக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ரொட்டி சானாய் வீசுகிறவருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, அதே கடையில் பசியாறிவிட்டுப் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்குப் பறக்கிற குடும்பத்துக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. மலேசியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையிலும் டைபாய்டு கிடையாது. பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர், இந்த ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ வட இந்தியக் கோயில் யாத்திரைக்கோ கிளம்புகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: போடாமல் கவனமாக இருப்பது, வாய்வழி மாத்திரை, பழைய வகை ஊசி, புதிய வகையான கான்ஜுகேட் ஊசி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட வேண்டும், இரண்டு ஊசியும் கிடைக்கிற இடத்தில் கான்ஜுகேட் ஊசியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். என் வீட்டுக்கும் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

முதலில், கவனமாக இருந்தால் போதாதா என்ற கேள்வி. ஹோட்டலில் தங்கி, மூடி திறக்காத போத்தல் தண்ணீர் மட்டும் குடித்து, சூடாக வந்ததை மட்டும் சாப்பிடுகிற சுற்றுப்பயணிக்கு ஓரளவு போதும். நாம் போகிற போக்கு அப்படியில்லை. அத்தை வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஒரு சொம்பு மோர் வரும். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. பயண மருத்துவத்தில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். டைபாய்டு ஆபத்து அதிகமுள்ளவர்கள் இவர்கள்தான். அவர்கள் தங்குவதும் அதிக நாள், சாப்பிடுவதும் வீட்டுப் பந்தியில்.

கிருமி எங்கே நுழைகிறது என்று பார்த்தால் இது விளங்கும். டைபாய்டுக் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. மலத்தின் வழியே தண்ணீருக்குள் போய், தண்ணீரின் வழியே அடுத்தவர் வாய்க்கு வருகிறது. பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் நாளுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்தான் வரும். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும்; விரிசல் வழியாக வெளியே கிடக்கும் சாக்கடை நீர் உள்ளே கசியும். கொதித்த சாம்பாரிலும் ரசத்திலும் பயமில்லை. தேங்காய்ச் சட்னியைப் பாருங்கள்: அரைத்த பிறகு இளக்குவதற்கு ஊற்றுகிற அரை டம்ளர் தண்ணீர், மேலே தூவுகிற கொத்தமல்லியைக் கழுவிய தண்ணீர், இரண்டுமே அடுப்பைப் பார்க்காதவை. கரும்புச் சாற்றில் விழும் ஐஸ், நீர்மோர்ப் பந்தல் அண்டா, நறுக்கி வைத்த பழம் எல்லாம் அதே கதைதான். இரண்டு வாரம் இதையெல்லாம் தவிர்த்தே இருப்பேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர்.

நோய் வந்தால் மருந்து இருக்கிறதே என்பதும் இப்போது முன்னைப்போல் எளிதில்லை. ஒரு காலத்தில் நன்றாகக் கேட்ட சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் தெற்காசியக் கிருமிகளிடம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் தலையெடுத்த வகை, ஊசியாகப் போடும் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் அடங்கவில்லை. வாயால் விழுங்கும் மருந்தில் அதற்கு நம்பகமாக மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டுமே. சரியான மருந்து கிடைக்காமல் மூன்றாவது வாரத்துக்கு இழுத்தால் குடலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு.

வாய்வழி மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. நாடு பொறுத்து மூன்று அல்லது நான்கு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஆறிய தண்ணீரோடு. ஃபிரிட்ஜிலேயே வைத்திருக்க வேண்டும். இடையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் உள்ளே போன கிருமி செத்துவிடும், தடுப்பும் வீண். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. விவோடிஃப் என்ற பெயரில் வந்த இதன் உற்பத்தியே 2024 இறுதியோடு நின்றுவிட்டது. ஊசிக்குப் பயந்து இதைத் தேடி அலைய வேண்டாம்.

மீதி இரண்டு ஊசிகள். பெட்டியை எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் 25 மைக்ரோகிராம், இரண்டிலும் 0.5 மில்லி, இரண்டும் தசையில் ஒரே ஒரு தடவை. அதனால்தான் எது கிடைத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றுகிறது. ஆனால் உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

டைபாய்டுக் கிருமி தன்மேல் ‘வி’ எனப்படும் ஒரு சர்க்கரைப் போர்வையைப் போர்த்தியிருக்கும். பழைய வகை ஊசியில் இருப்பது அந்தச் சர்க்கரை மட்டும்தான். சர்க்கரையைக் கண்டால் உடம்பு எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும். ஆனால் கிருமியை நினைவில் வைக்க உதவும் டி அணுக்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) அதில் தலையிடாததால் நினைவு பதியாது. சுரந்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி போடும் ஊசி முன்னதன் மேல் ஏறி நிற்பதில்லை, மறுபடி முதலிலிருந்துதான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடம்பு இந்தச் சர்க்கரையைச் சரியாக அடையாளம் காணாது, ஆகவே அந்த வயதில் பழைய ஊசி போடுவதே இல்லை. கான்ஜுகேட் ஊசியில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு, பெரும்பாலும் டெட்டனஸ் டாக்ஸாய்டோடு (டெட்டனஸ் ஊசியில் இருக்கும், நஞ்சு நீக்கிய புரதம்), பிணைத்திருப்பார்கள். புரதத்தைக் கண்டு டி அணுக்கள் வரும். நினைவு அணுக்கள் உருவாகும். ஆறு மாதக் குழந்தையிடமும் வேலை செய்யும். 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மற்ற டைபாய்டுத் தடுப்பு மருந்துகளைவிட இதற்கு முன்னுரிமை தந்ததற்கு இவையே காரணம்.

எண்களுக்கு வருவோம். பழைய ஊசியின் கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் முதல் ஆண்டில் 70 விழுக்காட்டை ஒட்டிய பாதுகாப்பு, இரண்டாம் ஆண்டில் 60ஐ ஒட்டி. தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளிடம் மூன்றாண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டபோது 55 விழுக்காடு. கான்ஜுகேட் ஊசிக்கு நேப்பாளப் பிள்ளைகளிடம் கிடைத்து 2019இல் வெளியான முடிவு சுமார் 82 விழுக்காடு. மலாவியில் நான்கு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த பிறகும் 78 விழுக்காடு நின்றது. இவை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வயதினரிடம் எடுத்த கணக்குகள். ஒன்றுக்கொன்று நேராக வைத்துக் கழித்துப் பார்க்கக் கூடாது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்த ஓர் ஆய்வு 2017இல் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வந்தது. டைபாய்டையே பார்த்திராத பெரியவர்களுக்கு ஊசி போட்டு, சுமார் ஒரு மாதம் கழித்து அவர்கள் சம்மதத்தோடு கிருமியையே குடிக்கக் கொடுத்தார்கள். நீடித்த காய்ச்சலோ இரத்தத்தில் கிருமியோ, எது இருந்தாலும் நோய் என்று எண்ணும் கறாரான வரையறைப்படி இரண்டு ஊசியும் ஏறக்குறைய சமம்: கான்ஜுகேட் 55, பழையது 52 விழுக்காடு. நிஜ வாழ்வில் டாக்டரிடம் போகிற மாதிரியான, காய்ச்சலோடு கூடிய நோயை மட்டும் எடுத்தால் கான்ஜுகேட் 87, பழையது 52. நம்மைப் போன்ற பெரியவர்களிடம் செய்தது என்பதால் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அது போட்ட புதிதில் எடுத்த கணக்கு. ஐந்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை. ஆகவே அடுத்த மாதம் ஒரே ஒரு பயணம், போகிறவர் பெரியவர், கிளினிக்கில் பழைய ஊசிதான் இருக்கிறது என்றால் தயங்காமல் போட்டுக்கொண்டு கிளம்பலாம். புதியதைத் தேடிக்கொண்டே இரண்டு வாரத்தை விடுவது பெரிய தவறு.

என் தராசு கான்ஜுகேட் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு: புதுப்பிக்கும் தொல்லையும், சொல்லாமல் வரும் பயணமும். எந்த ஊசியானாலும் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 14 நாள் வேண்டும். திட்டமிட்ட பயணத்துக்கு அது பிரச்சினையே இல்லை. கல்யாணப் பத்திரிகை இரண்டு மாதம் முன்பே வந்துவிடும். சாவுச் சேதி அப்படி வராது. காலையில் போன் வந்தால் இரவே திருச்சிக்கு டிக்கெட் தேடுகிறோம். போய் இறங்கினால் பதினாறாம் நாள் காரியம் வரை இருப்போம். வீடு நிறைய ஆள், பந்திப் பந்தியாகச் சாப்பாடு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற நேரமா அது? டைபாய்டுக்கு மிகவும் வசதியான பயணம் இதுதான். கிளினிக்குக்குப் போக நேரமே இல்லாத பயணமும் இதுதான். அன்றைக்கு உங்களைக் காப்பது எப்போதோ போட்டு, இன்னும் உடம்பில் நிற்கிற ஊசி மட்டுமே.

பழைய ஊசிக்கு மூன்று ஆண்டுக் கெடு. அமெரிக்கர்கள் இரண்டே ஆண்டு என்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஆள் தேதி மாறும், அட்டை அலமாரிக்குள் போகும், பயணம் இல்லாத ஆண்டில் யாருக்கும் நினைவு வராது. ‘ஒருதடவை போட்டிருக்கிறேனே’ என்று சொல்கிறவர்களிடம் ஆண்டைக் கேட்டால் கெடு எப்போதோ முடிந்திருக்கும். கடையில் வேலை செய்கிறவருக்காவது முதலாளியும் பரிசோதனைக்கு வரும் அதிகாரியும் நினைவூட்டுவார்கள், நமக்கு அப்படி யாரும் இல்லை. சில ஆண்டு தள்ளிப்போனாலும் ஓரளவாவது நிற்கக்கூடிய ஊசிதான் இப்படிப்பட்ட வாழ்க்கைக்குப் பொருந்தும். விலையில் கான்ஜுகேட் கூடுதலாகச் சொன்னாலும், பழையதை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி போடும் செலவோடு, ஒவ்வொரு தடவையும் டாக்டர் கட்டணத்தோடு, சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கான்ஜுகேட் ஊசி எத்தனை ஆண்டு நிற்கும், பயணம் போகும் பெரியவர்களுக்கு எப்போது மறு ஊசி என்பது இன்னும் முடிவாகவில்லை. நான்கு ஆண்டுக்கான ஆதாரம் பிள்ளைகளிடம் கிடைத்தது. வாழ்நாள் முழுக்க என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடை வேலையில் இருப்பவர்கள் எந்த வகை போட்டாலும் அட்டையில் எழுதிய தேதிப்படியே புதுப்பிக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகுமுன் போன் செய்து ‘டைபாய்டு ஊசி இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. இருக்கு என்பார்கள், பழையது இருக்கும். கான்ஜுகேட்டா, வெறும் பாலிசாக்கரைடா (சர்க்கரை மட்டும் உள்ள பழைய வகை) என்று கேளுங்கள். பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. சனோஃபியின் டைபிம் வி.ஐ. பழைய வகை. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் இரண்டு வகையும் தயாரிக்கிறது: டைப்பார் என்றால் பழையது, டைப்பார்-டிசிவி என்றால் கான்ஜுகேட். அந்த மூன்று எழுத்தைக் கவனிக்காவிட்டால் கேட்டது ஒன்று, போட்டது ஒன்று ஆகிவிடும். குப்பியை உடைக்குமுன் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், கான்ஜுகேட் அல்லது டெட்டனஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். உறைந்து போயிருந்தால் அதைப் போடக் கூடாது.

பெரியவர்களுக்குத் தோளில், கைக்குழந்தைக்குத் தொடையின் முன்பக்கம். போட்ட பிறகு கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒன்றிரண்டு நாள் கைவலி, லேசான காய்ச்சல் இருக்கும். ஏற்கெனவே நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுவார்கள். மஞ்சள் காமாலை வகைகளில் ஹெபடைடிஸ் ஏ இதே தண்ணீர் வழியாகத்தான் வருகிறது. அதற்கான ஊசியையும் அதே நாளில் மறு கையில் போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை, அல்லது பெயரையும் தொகுதி எண்ணையும், அட்டையில் ஏற்றச் சொல்லி, அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஊரில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் ஒரு யோசனைதான். தமிழ்நாட்டில் குழந்தை மருத்துவர்களிடம் கான்ஜுகேட் ஊசி தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இறங்கிய அன்றே போட்டாலும் முதல் இரண்டு வாரம் பாதுகாப்பின்றியே சாப்பிடுவீர்கள். இரண்டு மூன்று மாதம் தங்குகிறவருக்கும் அடுத்த பயணத்துக்கும் மட்டுமே அது உதவும்.

டைபாய்டைப் போலவே காய்ச்சல் தரும், வேறு கிருமியால் வரும் பாராடைபாய்டை இரண்டு ஊசியும் தடுப்பதில்லை. இந்தியாவில் அதுவும் நிறையவே இருக்கிறது. எனவே ஊசி போட்டவருக்கும் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் மூன்று நாள் விடாமல் காய்ச்சல் அடித்தால், டெங்கி என்று மட்டும் நினைத்துப் பனடோலோடு படுத்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து வந்த தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஊரில் வாங்கி மீந்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். ஒரு வேளை விழுங்கினால்கூட இரத்தத்தில் கிருமி வளர்க்கும் சோதனை பொய்த்துப்போகலாம். கேட்க வேண்டியது அந்தச் சோதனைதான், இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் பழைய வைடால் சோதனை இல்லை. வைடால் வேறு காய்ச்சலிலும் தவறாக ஆம் என்று காட்டும். மலேசியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி டைபாய்டு கண்டறியப்பட்டால் மருத்துவர் சுகாதாரத் துறைக்கு அறிவித்தாக வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து மற்றவர்களையும் விசாரிப்பார்கள். அப்போது யார் யாருக்கு எந்த ஊசி, எந்த ஆண்டு என்று கேட்பார்கள். போனில் இருக்கும் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுங்கள்.